மாட்டின் வயிற்றில் பாலன்

என் கட்டைவிரலை ஒருத்தன் திருடி இணையத்தில் விற்றான். கோபத்தில் ஏதோ உளறுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறது, உளறல் இல்லை. அந்தப் படம் இன்னமும் என் போனில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்குப் பின்னால் ஒரு நீலத் துணி. துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரல். அதில் சூளைச் சூடு பட்டு வெளுத்துப்போன தழும்பு. பொம்மை நான் செய்தது, துணி என் பழைய சேலை, விரல் என் விரல். படத்துக்குக் கீழே இருந்த கடைப் பெயர் மட்டும் அவனுடையது.

அவனை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் மாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீடு திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகும் வழியில், ஏரிக்கரையை ஒட்டி, கிறிஸ்தவர்கள் குடியிருக்கும் வேதக்காரத் தெருவில் இருக்கிறது. சுடுமண்ணில் குடில் பொம்மை செய்வது எங்கள் பிழைப்பு. மாதா, சூசையப்பர், இடையர்கள், மூன்று ராஜாக்கள், கழுதை, ஆடு, மாடு, வைக்கோல் போட்ட தீவனத் தொட்டி, அதில் படுக்க வைக்கப் பாலன் இயேசு. அப்பா மண் மிதித்துச் சூளை போடுவார். அம்மா அச்சில் அழுத்தி எடுத்து முகம் திருத்துவார். டிசம்பர் பிறந்தால் எல்லாவற்றையும் கோணியில் கட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறுவோம். மாதா கோயில் வாசலுக்கு எதிர்ப்பக்கம், சாக்கடைக்கு மேல் பலகை போட்டால் அதுதான் எங்கள் கடை.

1993இல் எனக்குப் பாவாடை தாவணி வயது. அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். ரயில்வே காலனியில் குடியிருந்த ஒரு டீச்சர், கல்யாணமாகிப் புதிதாக வந்தவர், ஒரு குடில் வாங்கினார். வாங்கிய கையோடு பாலனை எடுத்துத் தொட்டியில் படுக்க வைத்து, “எவ்ளோ அழகா கீது பாரு” என்று புருஷனிடம் காட்டினார். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

“இன்னாம்மா நீ? பொறக்கவே இன்னும் நாளு கீது, அதுக்குள்ள எடுத்துப் படுக்கப் போட்டுட்ட? நீ வேதக்காரிதானே?”

டீச்சர் முகம் செத்துப்போயிற்று. எங்கள் ஆட்களிடையே அந்த வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமும், திருவருகைக் காலம் முழுக்க, தொட்டி காலியாகத்தான் இருக்க வேண்டும். இருபத்து நாலாம் தேதி இரவுப் பூசைக்குப் பிறகுதான் பாலனைக் கொண்டுவந்து வைப்பார்கள். பலர் மறந்துவிடுவார்கள், அல்லது பொறுக்க மாட்டாமல் முன்கூட்டியே வைத்துவிடுவார்கள். போதாததற்குக் கடையில் பாலன்தான் அடிக்கடி காணாமல் போகும். விரல் நீளம்தான் இருக்கும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடும்.

அடுத்த வருஷம் அம்மா ஒரு வேலை செய்தார். மண் பொம்மை உள்ளே கூடாகத்தான் இருக்கும். வயிற்றில் ஒரு ஓட்டை விடாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். படுத்திருக்கும் மாட்டின் வயிற்று ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, பாலனை வைக்கோலில் சுருட்டி அதற்குள் வைத்தார். மேலே காவி பூசிய தாளை மைதாப் பசையால் ஒட்டி மூடினார். மாட்டைப் படுக்க வைத்தால் எதுவும் தெரியாது. வாங்குபவர்களிடம் மட்டும், “பாலன் மாட்டு வயித்துல கீறாரு. கிறிஸ்துமஸ் ராத்திரி தாளைக் கிழிச்சி எடுங்க, அதுக்கு முந்தி எடுத்தீங்கன்னா மாடு முட்டும்” என்பார். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. பிள்ளைகள் தாளைக் கிழிக்கச் சண்டை போடுவதாக வந்து சொல்வார்கள். திட்டு வாங்கிய அந்த டீச்சரும் வருஷா வருஷம் ஒரு ஆடோ ஒரு இடையனோ வாங்க வருவார். ஆனால் பாலனை மறுபடி கையில் எடுத்ததே இல்லை.

அம்மாவும் அப்பாவும் காலமான பிறகு அச்சுகள் என் கைக்கு வந்தன. என் வீட்டுக்காரர் சூளை பார்த்துக்கொண்டார். நல்ல மனுஷர், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். அந்தக் குறையை நான் ஈடுகட்டிவிடுவேன். பலகைக்கடை ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அட்டைப்பெட்டியில் வரும் பளபளப்பான பிளாஸ்டிக் குடில்கள் வந்தன. கோயில் வாசலில் பார்க்கிங் கட்டினார்கள். சாக்கடைக்கு மேல் பலகை போடக் கூடாது என்றார்கள். இன்னும் தள்ளிப்போ, இன்னும் தள்ளிப்போ என்று தள்ளித் தள்ளி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மரத்தடியில் கொண்டுவந்து விட்டார்கள்.

அப்போதுதான் அந்தத் தம்பி வந்தான்.

சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தான். கைவினைக் கலைஞர்களை ஆன்லைனில் ஏற்றிவிடுவது தன் சேவை என்றான். முதல் பேச்சிலேயே அக்கா என்று கூப்பிட்டான். நம் ஊரில் அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் வாசலில் நிற்க வைத்துப் பேச முடியாதே. உள்ளே கூப்பிட்டு, எங்கள் பக்கம் மல்லாட்டை என்னும் வேர்க்கடலையை அவித்துக் கொடுத்து, காப்பியும் கொடுத்தேன்.

“அக்கா, நீங்க விழுப்புரத்துல வெயில்ல உக்காந்துகினு வித்தது போதும். இந்தியா பூரா வாங்குவான். நீங்க பொம்மையச் செஞ்சி பார்சல் கட்டுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றான்.

மத்தது என்பது எல்லாமே என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கடை என் பெயரில்தான் திறந்தான். ஆனால் ஓடிபி போனது அவன் போனுக்கு, மின்னஞ்சல் அவன் மின்னஞ்சல். “உங்களுக்கு எதுக்குக்கா அந்தப் பேஜாரு?” என்றான். படம் பிடிக்க என் நீலச் சேலையைப் பொம்மைகளுக்குப் பின்னால் திரையாகக் கட்டச் சொன்னான். சேலை ஒரு பக்கம் தொங்க, நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரல் படத்தில் விழுகிறது என்று சொன்னேன். “பரவால்லக்கா, கட் பண்ணிக்கலாம்” என்றான். கட் பண்ணவில்லை.

படம் எடுத்து முடித்ததும், மாதிரிக்கு ஒன்று வேண்டும் என்று ஒரு முழுக் குடிலைக் காசு கொடுத்துத்தான் வாங்கினான். அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பொம்மையாகத் தாளில் சுற்றிக் கொடுக்கும்போது மாட்டை அவன் கையில் கொடுத்து, “இதைத் திருப்பிப் பாருப்பா, ஒரு விசேஷம் கீது” என்றேன். அவன் போன் பேசிக்கொண்டிருந்தான். மாட்டை வாங்கினான், தலையை ஆட்டினான், அப்படியே பெட்டியில் வைத்தான். தொட்டி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கக்கூட அவனுக்கு நேரமில்லை. “ஜல்தியா கெளம்பணும்கா, இருட்டறதுக்குள்ள டோல்கேட் தாண்டணும்” என்று போய்விட்டான். வேலை அவசரம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த முதல் கிறிஸ்துமஸில் ஆர்டர் வந்தது உண்மை. பெயரே கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் வந்தது. பாலன் மாட்டு வயிற்றில் என்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் என் கையால் ஒரு சீட்டு எழுதி வைத்தேன். ஆனால் மரத்தடிக் கடையில் இல்லாத வாதைகளும் கூடவே வந்தன. மழைக்கு மண் காயவில்லை என்று ஒரு நாள் தாமதமானால், கடையின் பெயர் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். வானத்துக்கு யார் போய்ச் சொல்வது? கழுதைக் காது ஒடிந்திருக்கிறது என்று பெட்டியையே திருப்பி அனுப்புவார்கள். திறந்து பார்த்தால் கழுதை நன்றாக இருக்கும், ராஜாக்கள் மூவரும் காணாமல் போயிருப்பார்கள். பார்சல் எடுக்க வரும் பையன் பெட்டியை வண்டிக்குள் எறிவான். அவனைத் திட்டித் திட்டியே தொண்டை கட்டிக்கொண்டது. இருந்தாலும் செய்ததெல்லாம் விற்றது. அடுத்த வருஷத்துக்கு ஆடி மாதத்திலேயே வேலையைத் தொடங்கிவிட்டோம். கூடம், உள் அறை, பரண், கட்டிலுக்கு அடி, எங்கே பார்த்தாலும் சுட்டு அடுக்கிய குடில்கள். நாங்கள் இருவரும் சமையலறையில் படுத்தோம்.

நவம்பரில் ஒரு நாள் போனில் என் கடைப் பக்கத்தைத் திறந்தால் திறக்கவில்லை. இன்னொருவரின் படைப்பை நீங்கள் நகல் எடுத்து விற்பதாகப் புகார் வந்திருக்கிறது, ஆகவே உங்கள் கடை மூடப்பட்டது என்று ஆங்கிலத்தில் நாலு வரி. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஒரு தடவை படித்தேன், மறுபடி படித்தேன். நான் யாரை நகல் எடுத்தேன் என்று தேடிப் போனால், அதே படங்கள், அதே நீலச் சேலை, அதே கட்டைவிரல், வேறொரு கடை. கடைக்காரர் பெயரைப் பார்த்தேன். அக்கா என்று கூப்பிட்ட என் அருமைத் தம்பி.

மாதிரிக்கு வாங்கிப் போன குடிலிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, பாரிஸ் சாந்து மாவில் பொம்மை வார்த்து, எங்கள் விலையில் பாதிக்கு விற்றுக்கொண்டிருந்தான். அந்தப் பொம்மைகளைத் தன் பெயரில் முன்னாடியே பதிவும் செய்து வைத்திருந்தான். போன் போட்டேன். எடுக்கவில்லை. வேறு நம்பரிலிருந்து போட்டால் எடுத்தான்.

“அக்கா, இது பிசினஸ்கா. மனசுல வெச்சிக்காதீங்க” என்றான்.

மனசில் வைத்துக்கொள்ளாமல் பிறகு எங்கே வைத்துக்கொள்வது? பரணில் கூட இடமில்லை.

கடைகளுக்கு இடம் கொடுக்கும் அந்த ஆன்லைன் கம்பெனிக்கு எழுதினேன். ஆதாரம் அனுப்பு என்றார்கள். என் கட்டைவிரலைத் தழும்போடு படம் எடுத்து, இந்த விரலையும் அவன் கடையில் இருக்கும் விரலையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அனுப்பினேன். உங்கள் மின்னஞ்சலுக்கு நன்றி, உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில். அந்தப் பக்கத்தில் மனுஷர் யாரும் இல்லை என்று புரிய எனக்குச் சில நாள் ஆயிற்று. ஒரு மனுஷன் இருந்திருந்தால் நேரில் போய்க் கழுத்தைப் பிடித்திருப்பேன்.

“வுடுடி, ஆண்டவர் பாத்துக்குவாரு” என்றார் வீட்டுக்காரர்.

“ஆண்டவருக்கு ஆயிரம் வேலை கீது. இதை நான் பாத்துக்கறேன்” என்றேன்.

வாயால் சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்வதென்று ஒன்றும் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் போய்விட்டால் குடில் பொம்மையை ஒரு நாய் கூட முகர்ந்து பார்க்காது. வீட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் அத்தனையும் ஒரு வருஷம் அப்படியே கிடக்கும். நாங்கள் எதைச் சாப்பிடுவது? வேறு வழியில்லாமல் மறுபடியும் கோணியில் கட்டிக்கொண்டு விழுப்புரம் மரத்தடிக்கே போனோம். தூறலில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தத் தம்பி எங்கேயோ சூடாகக் காப்பி குடித்துக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு வரும். அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே வேண்டியிருக்கிறேன். மாதா அதைக் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள் என்று தெரியும். ஆனாலும் வேண்டினேன்.

அங்கேதான் டீச்சர் வந்தார். இப்போது தலை முழுக்க நரைத்து, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். என்னைப் பார்த்ததும் குடையை மடக்கிக்கொண்டு நேராகச் சண்டைக்கு வந்தார்.

“உங்கம்மா அன்னைக்கி நடுரோட்ல என்னை அந்தத் திட்டு திட்டினாங்க. இப்ப நீ இன்னா பண்ணிவெச்சிருக்க? பாலன் எங்க?”

“எந்தப் பாலன் டீச்சர்?” என்றேன்.

“எம் பேத்திக்கு அனுப்பலாம்னு நெட்ல வாங்கினேன். படத்தைப் பாத்தேன், உன் பொம்மைதான்னு தெரிஞ்சிது. நான் சொல்லி எங்க ஜெப வட்டத்துலகூட சில பேரு வாங்கினாங்க. பெட்டி வந்திச்சி. தொட்டி காலி. சரி, வழக்கம்தானேன்னு மாட்டைத் திருப்பினா வயித்துல ஓட்டையே இல்ல. தட்டிப் பாத்தேன். உள்ள கூடே இல்ல, கெட்டியா அடைச்சி கீது. பாலனே இல்லாம குடில் விக்கறீங்களா?”

நான் சிரிக்க ஆரம்பித்தேன். முதலில் மெதுவாகத்தான் வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. “இன்னாடி ஆச்சி?” என்று வீட்டுக்காரர் பயந்துபோய்த் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அவன் மாட்டைத் திருப்பியே பார்க்கவில்லை. வாங்கிப் போன மாட்டை அப்படியே ரப்பருக்குள் அமுக்கி அச்சு எடுத்திருக்கிறான். பாலன் உள்ளேயே இருந்திருக்கிறார். காலித் தொட்டியை ஏதோ அலங்காரச் சாமான் என்று நினைத்திருக்கிறான் முட்டாள். பிறந்தவரே இல்லாத பிறப்புக் குடிலை ஊர் ஊராக விற்றுக்கொண்டிருக்கிறான். இன்னும் நாள் இருக்கிறது. வாங்கியவர்களில் பாதிப் பேர் மாட்டு வயிற்றை அறியாதவர்கள். பாலன் பிறகு தனியாக வரும் என்றோ, பெட்டியில் எங்கேயோ வைக்கோலுக்குள் கிடக்கும் என்றோ சும்மா இருப்பார்கள். நாள் நெருங்க நெருங்கத் தேடுவார்கள். தேடிக் கிடைக்காவிட்டால் சும்மா விடுவார்களா?

டீச்சரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பேத்திக்கு என் பெட்டியிலிருந்து ஒரு பாலனை எடுத்துக் கையில் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

“அவன் கடையில போயி பாலன் இல்லைன்னு எழுதுங்க டீச்சர். உங்க ஜெப வட்டத்து அம்மாங்க யார் யாரு வாங்கினாங்களோ அவங்களையும் எழுதச் சொல்லுங்க. மாட்டு வயித்து சமாச்சாரத்தை மட்டும் எழுதிடாதீங்க.”

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “நீ அப்படியே உங்கம்மாதான்” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து மண் பிசைந்தேன். வீடு கொள்ளாத குடில்கள் கிடக்க, எதற்குப் புது மண் என்று வீட்டுக்காரர் கேட்டார். பாலன் செய்யப் போகிறேன் என்றேன். அச்சிலிருந்து ஒவ்வொரு பாலனாக எடுத்து, ஈரம் காய்வதற்குள் குப்புறப் போட்டு, ஊக்கின் முனையால் முதுகில் கீறினேன். மேலே பாதி, கீழே பாதி என்று இரண்டு வரிசையாக என் போன் நம்பர். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“அடிப்பாவி! ஆண்டவர் முதுகுல போன் நம்பரா?”

“சுடற வரைக்கும் மண்ணுதானே. சுட்டப்புறம் துணி சுத்திடறேன். தெரியாது.”

“யாருக்குடி இதெல்லாம்?”

“தம்பி வருவான். வந்து கேப்பான். குடுக்கணும்ல?”

“அவன் எதுக்கு இங்க வர்றான்?”

“வேற எங்க போவான்? இந்த அளவுல, இந்த மொகத்துல பாலன் வேற எவ வீட்ல கீது?”

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் மழையில் விறகு நனையாமல் தகரம் போட்டுச் சூளை மூட்டிக் கொடுத்ததும் அவர்தான். என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவருக்குக் கொஞ்சமாவது ஒட்டாமல் இருக்குமா? சுட்டு எடுத்ததும் ஒவ்வொரு பாலனுக்கும் வெள்ளைத் துணி சுற்றி, வைக்கோல் வைத்து, அட்டைப்பெட்டிகளில் அடுக்கி நாடா ஒட்டினோம். இது பாவமா என்று அவர் இரண்டொரு தடவை கேட்டார். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் நான் இன்றுவரை இதைச் சொன்னதில்லை. பாவம் என்று தோன்றினால்தானே சொல்வதற்கு?

அவன் கடைப் பக்கத்தைத் தினமும் காலையில் பார்ப்பேன். காப்பி குடிப்பதற்கு முன்னால் அதுதான். டீச்சரின் ஜெப வட்டம் நன்றாகவே வேலை செய்திருந்தது. அதற்குப் பிறகு யார் யாரோ முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பாலன் இல்லாத குடில், ஏமாற்றுக்காரன், காசைத் திருப்பிக் கொடு, என் மகள் அழுகிறாள். ஒற்றை நட்சத்திரமாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் வீட்டுக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அன்றைக்கெல்லாம் கேப்பைக் கூழ் கூட எனக்கு விருந்து மாதிரி இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது கார் வந்து நின்றது. தம்பி இறங்கினான், கையில் ஸ்வீட் பாக்ஸ். முகம் வெளிறிப்போயிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.

“அக்கா, நல்லா இருக்கீங்களா?”

“உன் புண்ணியத்துல வீடு நெறஞ்சி கெடக்குப்பா. கால் வெக்க எடம் இல்ல. பாத்து உக்காரு.”

ஸ்வீட் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். “அக்கா, அந்தக் கொழந்தை பொம்மை… அதை மட்டும் தனியா தருவீங்களா? கஸ்டமருங்க டார்ச்சர் பண்றாங்க. கம்பெனிலேர்ந்து வார்னிங் வந்துட்டுது. இருவத்தி நாலுக்குள்ள அனுப்பலன்னா கடைய மூடிடுவாங்க.”

“கடைய மூடிட்டா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்பா.”

அவன் குனிந்துகொண்டான். எத்தனை நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த காட்சி தெரியுமா? இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் எனக்குப் பேச்சு முக்கியமில்லை, பெட்டிகள் அவன் காரில் ஏறுவதுதான் முக்கியம்.

“தர்றேன். ஆனா எம்மேல குடுத்த புகாரை வாபஸ் வாங்கு. இப்பவே, எங்கண்ணு முன்னாடி.”

போனை எடுத்தான், எதையோ தட்டினான், “அனுப்பிட்டேன்கா, ரெண்டு நாள்ல உங்க கடை ஓப்பன் ஆயிடும்” என்றான். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டவில்லை. பொய் சொல்கிறான் என்று அவன் கண்ணிலேயே தெரிந்தது. ரொம்ப சந்தோஷம் என்றேன். உள்ளே போய்ப் பெட்டிகளை எடுத்து வந்தேன். தயாராகவே இருப்பதைப் பார்த்தும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தான்.

“ஒரு பெட்டியப் பிரிச்சிப் பாத்துக்கோப்பா. துணிய அவுத்து, முன்னபின்ன திருப்பிப் பாரு. அப்பறம் ஏதாச்சும்னா எங்கிட்ட வரக் கூடாது.”

வீட்டுக்காரர் என் சேலைத் தலைப்பைப் பின்னாலிருந்து இழுத்தார். நான் வேண்டுமென்றேதான் சொன்னேன். சொல்லவில்லை என்ற பேச்சு பிறகு வரக் கூடாது.

“அதெல்லாம் வேணாம்கா, டைமே இல்ல. கூரியர் நிக்குது” என்று அவனே பெட்டிகளைத் தூக்கிக் காரில் வைத்தான். கார் ஏரிக்கரை திரும்பும் வரை வாசலில் நின்று கையாட்டினேன். ஸ்வீட் பாக்ஸைக் கோழிகளுக்குப் பிரித்துப் போட்டேன். கோழிகள் நன்றாகத்தான் தின்றன.

நான் நினைத்தபடியே, இரண்டு நாளில் என் கடை திறக்கவில்லை. புகார் புகாராகவே இருந்தது. வீட்டுக்காரர் முணுமுணுத்தார். பொறுங்கள் என்றேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் ஆட்டுக்கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது முதல் போன் வந்தது. தெரியாத நம்பர், கோயமுத்தூர்ப் பேச்சு.

“ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. குழந்தை இயேசுவுக்குத் துணி மாத்தலாம்னு அவுத்தனுங்க. முதுகுல இந்த நம்பர் எழுதியிருக்குதுங்க. இது யாருங்க?”

கரண்டியைக் கீழே வைத்தேன்.

“நான்தாங்க அந்தப் பாலனைச் செஞ்சவ. உங்க வீட்டுக்கு வந்த மத்த பொம்மை எல்லாம் என் பொம்மையப் பாத்துத் திருடினது. என் கடையவும் மூடிட்டாங்க. பாலன் மட்டும்தாங்க அசல்.”

அந்தப் பக்கம் பொம்மைகளைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், “அதுதான் பார்த்தனுங்க. மத்ததெல்லாம் சாக்பீஸாட்ட உதிருது, இது மட்டும் கல்லாட்ட இருக்குது. உங்ககிட்டயே முழு செட்டும் கிடைக்குங்களா? ஜனவரி ஆறு மூணு ராஜா திருநாளுங்க, அதுக்குள்ள அனுப்புவீங்களா?” என்று கேட்டார்.

அனுப்புவேன் என்றேன். போனை வைத்து நான் கண்ணைத் துடைப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. திருச்சி, பிறகு நாகர்கோவில், பிறகு பெங்களூரிலிருந்து உடைந்த தமிழில் ஒருவர். கறி அடிப்பிடித்துத் தீய்ந்தது. வீட்டுக்காரர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, பேனாவைத் தேடி எடுத்துத் தன் உள்ளங்கையில் விலாசம் எழுத ஆரம்பித்தார்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன்.

“இன்னாக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? வாங்கினவன் எல்லாம் எனக்குப் போன் பண்ணித் திருடன்றான்! கம்பெனிக்குப் படம் எடுத்துப் போட்டிருக்கான்! என் கடைய மூடிட்டாங்கக்கா! கொழந்தை முதுகுல நம்பர் எழுதிக் குடுத்திருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லலியே?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். யாரையும் கடிந்து பேசத் தெரியாத அந்த மனுஷர் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

“திருப்பிப் பாருன்னு சொன்னாங்களே தம்பி” என்றார். “ரெண்டு தபாவும் சொன்னாங்க.”

வைத்துவிட்டார். கூடத்தில் அடுக்கியிருந்த குடில்களில் மேலே இருந்ததை இறக்கி, மாட்டைக் கையில் எடுத்துத் திருப்பி, வயிற்றில் தாள் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். நான் கோயமுத்தூருக்குப் பெட்டி கட்ட உட்கார்ந்தேன்.